பரணில் ஆறு பழைய மானிட்டர்கள்: பிரிக்கலாமா?

தேயிலைக்காரன் (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். எங்கள் பெரியப்பா 2003 வாக்கில் கோத்தகிரி கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதை மூடியபோது ஆறு மானிட்டர்கள் எங்கள் வீட்டுப் பரணுக்கு ஏறின. எல்லாம் முதுகு பெருத்த பிக்சர் டியூப் வகை. நான்கு 15 அங்குலம், இரண்டு 17 அங்குலம். இந்த ஐப்பசி மழையில் பரண் பலகை ஒன்று வளைந்து தொங்கியது. 17 அங்குலத்தைக் கீழே இறக்கும்போதுதான் பலகையின் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று நன்றாக ஓடுகிறது. ஒன்றில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. மீதி நான்கும் செத்தவை. பழைய இரும்புக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், கண்ணாடி வேண்டாமாம். நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். வீட்டு வயரிங், மோட்டார் வேலை செய்வேன், டிவி பக்கம் கை வைத்ததில்லை. நேற்று ஒன்றின் பின்மூடியைக் கழற்றினேன். டியூபின் முதுகில் தடித்த சிவப்பு வயரோடு ஒரு ரப்பர் கிண்ணம் கவிழ்ந்து ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அதில் மாதக்கணக்கில் மின்சாரம் நிற்கும், தொட்டால் ஆள் போய்விடுவான் என்கிறார்களே, உண்மையா? உள்ளே எடுக்கத் தகுந்தது என்ன? இன்னொன்று: பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், அந்தச் சிவப்பு வயர் புறப்படுகிற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கொடு, காட்டுப்பன்றிக்கு வேலி போட்டுவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?

ஈயப்புகை (குன்னூர்) எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள். வேலிக்கென்றே செய்த கருவி ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் அடிக்கும். பிறகு விட்டுவிடும். கம்பியைப் பிடித்தவன் கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். ஒவ்வோர் அடிக்கும் அளவு வரம்பும் உண்டு. மானிட்டர் டிரான்ஸ்ஃபார்மர் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பது, அதற்கு இடைவெளியும் தெரியாது, வரம்பும் தெரியாது. 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வேலிக்குப் பதிவும் வேண்டும். இந்த எல்லாவற்றுக்கும் முன்னால், பன்றி வருகிற அதே சந்தில்தான் விடிந்ததும் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள். அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். நான் 1984 முதல் தட்டைத் திரை வந்து பிழைப்பைக் கெடுத்த நாள் வரைக்கும் குன்னூரில் டிவி பழுது பார்த்தவன். அந்த ரப்பர் கிண்ணத்தைக் கண்டு பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. பயம் நல்லதுதான், ஆனால் பாதிப் பயத்தை வேறோர் இடத்துக்கு மாற்றி வையுங்கள். போர்டில் மின்சார வயர் நுழைகிற மூலையில், சட்டைப்பையில் வைக்கும் தைலப் புட்டி பருமனில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று நிற்கும். 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்பதுபோல் எழுதியிருக்கும். நம் 230 வோல்ட் அதற்குள் போய் 325 வோல்ட் நேர்மின்சாரமாக உட்காருகிறது. அதில் நிற்கும் ஆற்றல், கணக்குப் போட்டால் 11 ஜூலுக்கு மேல். டியூபில் 25,000 வோல்ட் இருந்தாலும் அது பிடித்து வைக்கும் ஆற்றல் கொஞ்சம்தான், ஒரு ஜூல்கூடத் தேறுவது அபூர்வம். சத்தம் போடுகிற நாய் டியூப், சத்தம் போடாத நாய் இது.

செத்த மானிட்டரில்தான் இது இன்னும் மோசம். ஓடுகிற மானிட்டரை நிறுத்தினால் உள்ளே இருக்கும் சுற்று மிச்சத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். பவர் சப்ளை செத்திருந்தால் குடிக்க ஆள் இல்லை, நிரம்பியது நிரம்பியபடியே நிற்கும். நீங்கள் நான்கு செத்த பெட்டிகளுக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். புரிகிறதல்லவா?

ஆகவே பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் சும்மா வையுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போடுங்கள், முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. காலடியில் காய்ந்த பலகை.

முதலில் டியூப். அதன் முதுகு பென்சில் கரி பூசியதுபோல் கறுப்பாக இருக்கும். அதன்மேல் குறுக்கே, பின்னல் போட்ட வெறும் கம்பி ஒன்று ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டியிருக்கும். இரண்டு முனையிலும் கிளிப் உள்ள வயரில் ஒரு முனையை அந்தப் பின்னலில் மாட்டுங்கள். இதுதான் முதலில். அடுத்த முனை, நீளமான பிளாஸ்டிக் பிடியுள்ள தட்டை ஸ்குரூடிரைவரின் கம்பியில். இடது கை முதுகுக்குப் பின்னால் போகட்டும். வலது கையால், பிடியின் கோடியைப் பிடித்துக்கொண்டு, முனையை ரப்பர் கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் கண்ணாடியோடு ஒட்டி நகர்த்துங்கள், உள்ளே உலோகம் தட்டுப்படும்வரை. 'டிக்' என்று கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். கேட்காததால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், உலோகத்தில் நிச்சயமாகப் பட்டதா என்று பாருங்கள். கிளிப்பைப் போர்டிலோ, சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்கிலோ மாட்டினால் பொறி பறந்து, நீங்கள் எடுக்க நினைத்த ஐ.சி.யே பொசுங்கும்.

கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து அதையே திரும்பச் செய்யுங்கள். கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. காலியாகிவிட்டது என்று நினைக்கும்போது, உடம்புக்குள் ஒளித்து வைத்திருந்ததை மெல்ல வெளியே விடும். மூன்றாம் தடவையும் செய்வது என் வழக்கம்.

ஏன் இவ்வளவு என்றால், 1996 உலகக் கோப்பை அரையிறுதியன்று ஒரு வீட்டில் அவசரம். மின்னூட்டத்தை ஒரே தடவை இறக்கிவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்தேன். ஒரு வெட்டு. கை தானாகப் பின்னால் போய் அலமாரியில் இடித்தது. அடித்தது டியூப், இரத்தம் வந்தது அலமாரிக் கண்ணாடியால். முழங்கையில் ஐந்து தையல். மேட்சும் அன்று எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கிண்ணத்தைப் பக்கவாட்டில் மடக்கினால் உள்ளே இரண்டு கொக்கி தெரியும், அழுத்திக் கழற்றலாம். டியூபின் கழுத்து நுனியில் ஒரு சின்னப் போர்டு செருகியிருக்கும். நேராகப் பின்னால் இழுங்கள், ஆட்டாதீர்கள். அந்தக் கழுத்துதான் மொத்த டியூபிலும் நோஞ்சான். இதற்குப் பிறகு பெரிய போர்டை விளிம்பைப் பிடித்து வெளியே இழுங்கள், விரல் அடிப்பக்கம் போகவே கூடாது. கவிழ்த்து வைத்து, 60 வாட் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் நான் சொன்ன கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சில நொடி வையுங்கள். நிறைய இருந்தால் பல்பு மினுக்கும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தேய்த்து வெடிக்க வைக்கும் வீரம் வேண்டாம்.

எடுக்கத் தகுந்தவை: டியூபின் முகத்தைச் சுற்றி வரும் கறுப்பு வளையம்தான் டீகாசிங் காயில், திரையில் படியும் காந்தக் கறையை நீக்கும் கம்பிச்சுருள். சில மானிட்டரில் செம்பு, சிலவற்றில் அலுமினியம். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான யோக்கில் செம்பு நிச்சயம், ஆனால் கழுத்தில் பசையும் ரப்பர் ஆப்பும் வைத்திருப்பார்கள். கிளாம்ப் திருகைத் தளர்த்திய பிறகும் வராவிட்டால் நெம்பாதீர்கள், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். போர்டில் பிரிட்ஜ், வேக டையோடுகள், மாஸ்ஃபெட், ஹாரிசாண்டல் டிரான்சிஸ்டர், ஹீட்சிங்க், மின்சார நுழைவாயில் சோக். அந்தத் தைலப் புட்டி வகை எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், இருபது வருடத்தில் உள்ளே காய்ந்திருக்கும். செம்புக்காக வயரை எரிக்காதீர்கள். அந்தப் புகை வீட்டுக்கும் ஆகாது, தோட்டத்துக்கும் ஆகாது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மூடுபனி நாளில் இந்த வேலை வேண்டாம். குன்னூர் உயரத்தில் காற்று மெலிந்தது, உயர் மின்னழுத்தம் எளிதாகத் தாவும். பனி இறங்கிய மாலைகளில் 'டிவிக்குள் கிரிகிரி என்று சத்தம்' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்தால் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி ஈரமும் தூசியும் சேர்ந்து நீலமாகப் பொறி ஓடிக்கொண்டிருக்கும். துடைத்துக் காயவைத்தாலே பாதி சரியாகிவிடும், கூலியும் வாங்கிக்கொள்வேன்.

பைக்காரா (ஊட்டி) எழுதியது:

ஐயா சொன்னதில் ஒரு சந்தேகம். டியூப் உள்நோக்கி வெடிப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தால்தானே? 2,240 மீட்டரில் காற்றே குறைவு. நமக்கு அந்தப் பயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஈயப்புகை (குன்னூர்) எழுதியது:

உங்கள் ஊரில் கடற்கரை ஊர் அழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. 17 அங்குல முகம் சுமார் 800 சதுர சென்டிமீட்டர். சென்னையில் 800 கிலோ அமுக்கினால் ஊட்டியில் 600 கிலோ. 200 கிலோ தள்ளுபடி, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். டியூபின் முகத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையை இறுக்கி அடித்திருப்பார்கள். அதைத்தான் நம்பி அந்தக் கண்ணாடி நிற்கிறது. எடைக்கு ஆகுமே என்று அதை அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும், அதற்குமேல் இங்கே எழுத விருப்பமில்லை.

இயற்பியல் டீச்சர் (கூடலூர்) எழுதியது:

டியூபைப் பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். அதன் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்ஸைடு இருக்கும். உள்ளே உருவாகும் எக்ஸ்-கதிர் வெளியே வராமல் தடுக்க அப்படிச் செய்தார்கள். திரையின் உட்பக்கத்தில் வெள்ளைத் தூளாகப் பூசியிருப்பது துத்தநாக சல்ஃபைடு போன்ற ஒளிர்பொருள், சுவாசிக்கக் கூடாதது. உடைத்துப் பள்ளத்தில் கொட்டினால் கோத்தகிரி ஓடையில் இறங்குவது எல்லாம் கடைசியில் பவானிக்குத்தான் போகும், கீழே இருப்பவர்கள் குடிப்பார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இதைச் சேர்க்க வேண்டும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கிறது. முழு டியூபாக, உடையாமல் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஓடுகிற அந்த ஒன்றைப் பிரிக்காதீர்கள், எங்கள் பள்ளிக்குக் கொடுங்கள். எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும் என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனால் வெள்ளைத் திரை ஊதாவும் பச்சையுமாகச் சுழித்துக்கொள்வதைப் பிள்ளைகள் ஒரு தடவை பார்க்கட்டும். கறை படிந்தால் நீக்கத்தான் டீகாசிங் இருக்கிறதே.

தேயிலைக்காரன் (கோத்தகிரி) எழுதியது:

ஐயாவுக்கும் டீச்சருக்கும் நன்றி. வெயில் அடித்த நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். சொன்னபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டதைப் பார்த்து அம்மா, யாரிடமடா அடி வாங்கப் போகிறாய் என்றார்.

முதல் பெட்டியில் 'டிக்' கேட்டது. தீக்குச்சி ஒடிவதுபோல், அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டது, முதலாவதைவிடச் சன்னமாக. அதற்கப்புறம் நான் மூன்றோடு நிறுத்தவில்லை, ஐந்து தடவை செய்தேன். மற்ற மூன்றிலும் சத்தமே இல்லை. ஆனால் அந்தத் தைலப் புட்டி கெப்பாசிட்டர்! பல்பு வைப்பதற்கு முன்னால் ஓர் ஆர்வத்தில் அளந்தேன். பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் ஆகியும் ஒன்றில் 140 வோல்ட் நின்றது. போர்டைத் தூக்கிய விதத்தை நினைத்துப் பார்த்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு யோக் வந்தன. இரண்டு வரவில்லை, விட்டுவிட்டேன். டீகாசிங் காயில் நான்கில் மூன்று செம்பு. டியூப்களைக் கம்பளி விரித்து முகம் கீழாகக் கவிழ்த்து, சாக்குப் போர்த்தி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பதிவுபெற்ற இடத்தில் பேசிவிட்டேன், அடுத்த வாரம் வண்டி இறங்கும்போது போகும். விளக்கு மட்டும் எரியும் பெட்டியை இன்னும் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னேன். கோபம்தான். உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர்களைப் போர்டிலேயே விட்டு, வயரை ஒட்ட நறுக்கிவிட்டேன், யாருக்கும் ஆசை வரக் கூடாது.

டீச்சர், ஓடுகிற மானிட்டர் உங்களுக்குத்தான். சனிக்கிழமை எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா?

இயற்பியல் டீச்சர் (கூடலூர்) எழுதியது:

முடியும், பெரிய பையனை அழைத்து வருகிறேன். ஐயா, எப்படிப் பிடித்து உட்கார வேண்டும்?

ஈயப்புகை (குன்னூர்) எழுதியது:

மூடி கழற்றாத பெட்டிதானே, பயமில்லை. தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், கனம் முழுக்க அந்தப் பக்கம்தான். பஸ்ஸில் மடியில் வேண்டாம், போர்வை சுற்றித் தரையில் இரண்டு காலுக்கும் நடுவில். கடைசி சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், நடுவட்டம் தாண்டி இறங்கும்போது அது எப்படித் தூக்கிப் போடும் என்று கூடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.