மூளை வளர்ந்ததும் மின் இணைப்புகள் கழன்றுவிடுமா?

கல்முனை_உயிரியல்:
உயர்தர மாணவி ஒருத்தி டியூசன் குறிப்பொன்றைக் காட்டினாள்: "பாலூட்டிகளின் மூளையில் இடைவெளிச் சந்திகள் குட்டிப் பருவத்துடன் முடிந்துவிடும்." (இடைவெளிச் சந்தி என்பது அடுத்தடுத்த இரு கலங்களை நேரே இணைத்து மின்னைக் கடத்தும் நுண்ணிய கால்வாய்த் தொகுதி.) இங்கே சிலர் அந்தக் குறிப்பைப் பிழை என்கிறீர்கள். எனக்குச் சரியாகவே படுகிறது. சுண்டெலியின் நரம்புக்கலங்களில் அந்தக் கால்வாயைக் கட்டும் கொனெக்சின் 36 என்ற புரதம் பிறந்து இரண்டு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு பல பகுதிகளில் இறங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் எலிக்குட்டியின் மூளை மேற்பட்டையில் ஒரேயொரு கலத்துக்குள், இந்தக் கால்வாய்களூடாகப் புகக்கூடிய நியூரோபயோட்டின் என்ற சிறு மூலக்கூறை ஏற்றினார்கள். சாயமிட்டுப் பார்த்தால் சுற்றியிருந்த கலங்கள் கொத்தாக நிறம் பிடித்திருந்தன. வயது ஏற ஏற அந்தக் கொத்து சுருங்கிவிடுகிறது. இரசாயன நரம்பிணைப்புகள் எழும்பும்வரை நிற்கும் சாரம் இது. வீடு முடிந்தால் சாரத்தை அவிழ்க்கத்தானே வேண்டும்?

வந்தாறுமூலை_ஆய்வுகூடம்:
சேர், குறைவது வேறு, முடிவது வேறு. மூளைத்தண்டிலுள்ள கீழ் ஒலிவக் கரு, விழித்திரை, மேற்பட்டையின் தடுப்பு நரம்புக்கலங்கள் ஆகியவற்றில், விலங்கு வளர்ந்த பின்னும் கொனெக்சின் 36 இருக்கிறது. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 2001இல் எழுதினார்கள். அவை பிறந்தன, வளர்ந்தன, மூளையின் அமைப்பிலும் பெரிய கோளாறு இல்லை. கெட்டது எது தெரியுமா? மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் கலங்களின் சைகை விழித்திரைக்குள்ளேயே தடைப்பட்டது. தடுப்புக் கலங்கள் ஒத்துத் துடிப்பதும் குலைந்தது. சாரம் இல்லாமலே எழும்பிய வீட்டில் குடிபுகுந்த பின்தான் குறை தெரிகிறது என்றால், அது எப்படிச் சாரமாகும்?

கல்முனை_உயிரியல்:
ஒன்றை நீக்கினால் இன்னொன்று ஈடுகட்டாதா, தம்பி? 2012இல் வந்த ஆய்வைப் பாருங்கள். ஒரே தாய்க்கலத்தில் பிறந்த நரம்புக்கலங்கள் முதலில் மின்னால் இணைகின்றன. அதைத் தடுத்தபோது, பின்னர் அவற்றிடையே வரவேண்டிய இரசாயன நரம்பிணைப்பு சரிவர அமையவில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்?

மட்டுநகர்_மருத்துவமாணவன்:
சேர், அந்த ஆய்வில் கலங்களுக்குள் புகுத்தியது அதே குடும்பத்தின் இன்னொரு புரதமான கொனெக்சின் 26இன் பழுதான வடிவத்தை. இருவரும் 36ஐ வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். புதிதாகப் பிறந்த நரம்புக்கலங்கள் ஆரைக் கிளியா என்ற துணைக்கலங்களின் நார்களைப் பிடித்து மேலேறும்போது கொனெக்சின் 26உம் 43உம் பிடிமானமாக உதவுகின்றன. 2007இல் கால்வாய் திறக்காத வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தபோதும் கலங்கள் ஏறின. ஒட்டினால் போதும், மின்னே தேவையில்லை.

இன்னொன்று. 36ஐ அடைப்பதற்குச் சிலர் மெஃப்ளோகுயின் என்ற மலேரியா மருந்தை ஊற்றுகிறார்கள். (அம்பாறை வயல்காரர்கள் விழுங்கிய குளோரோகுயினுக்கு இது உறவுமுறை.) அது வேறு பல இடங்களிலும் கைவைக்கும் மருந்து. அதை மட்டும் நம்பி வந்த முடிவுகளை நான் பாதி விலைக்குத்தான் எடுப்பேன்.

வந்தாறுமூலை_ஆய்வுகூடம்:
அந்தக் குறிப்பு "மூளை" என்று மொத்தமாக எழுதியதுதான் வினை. கிளியாக் கலங்களைக் கணக்கில் எடுங்கள். அவற்றில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகளில், விலங்கு வளர வளர கொனெக்சின் 43 கூடுகிறது. கொனெக்சின் 30, குட்டி பிறந்து மூன்றாவது வாரமளவில்தான் தலைகாட்டுகிறது. முடிய வேண்டிய நேரத்தில் தொடங்கும் புரதத்தை எந்தக் கணக்கில் போடுவது, சேர்?

கல்முனை_உயிரியல்:
கிளியாவுக்குப் பதில் சொல்கிறேன், நாளைக்கு. 26ஐப் பற்றித் தம்பி சொன்னது என் பக்கம்தான் சேர்கிறது: அது வரும், வேலையை முடிக்கும், போகும்.