துவாய், பெட்சீட் எல்லாம் எத்தன டிகிரில தொவைக்கணும்? எத்தன நாளைக்கு ஒருக்கா?

ஹட்டன் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் மேல இருக்கோம். கொழும்புல இருக்கிற அண்ணன் வீடு மாறுறப்ப முன்பக்கம் கதவு வச்ச வாஷிங் மெஷின் ஒண்ண எங்களுக்குத் தந்துட்டாரு, அதோட குமிழ்ல 20, 30, 40, 60, 90னு போட்டிருக்கு. இத்தன காலமும் பீலியில சவுக்காரம் போட்டு கல்லுல அடிச்ச ஆளுங்க நாங்க, டிகிரி எல்லாம் யாரு பாத்தா. மாமி சொல்றாங்க பச்சத்தண்ணியே போதும், சுடுதண்ணி போட்டா துணி நஞ்சிரும்னு. வீட்டுக்காரரு எல்லாத்தையும் 90ல போடு, கிருமி சாகட்டும்ங்கிறாரு, ஆனா கரண்ட் பில் கட்டுறது நான். கடைசிப் பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வரும், பெட்சீட் தலகாணி உறையெல்லாம் கிழமைக்கு ஒருக்கா சுடுதண்ணியில போடுங்கன்னு டொக்டர் சொன்னாரு, எவ்வளவு சூடுன்னு சொல்லல. இதுல மழை வேற விடுதில்ல, துவாய் மூணு நாளு கொடியில தொங்குனாலும் நடுவுல ஈரம் நிக்கிது, தொவைச்ச துவாயில முகம் துடைச்சாலே ஒரு புளிச்ச வாடை. என்ன செய்றதுன்னு சொல்லுங்க.

லோன்ட்ரி அண்ணே:
தங்கச்சி, நான் நுவரெலியாவுல ஹொட்டல் லோன்ட்ரியில வேலை செய்றவன், அதனால சொல்றேன். 90 உங்களுக்குத் தேவையே இல்ல. மெஷினுக்குள்ளயே வாடை பிடிச்சா துணி போடாம சும்மா ஒருக்கா 90ல ஓட விடுங்க, அதுக்கு மட்டும் நல்லம், வீட்டுக்காரர் ஆசையும் தீரும். பருத்தித் துவாய், வெள்ளை பெட்சீட், தலகாணி உறை எல்லாம் 60 தாங்கும். கலர் பெட்சீட், பொலியஸ்டர் கலந்தது எல்லாம் 40. இப்ப வர்ற பவுடர்கள்ல அழுக்கக் கரைக்கிற என்சைம் இருக்கு, அது 30-40லயே நல்லா வேலை செய்யும், அதனால சாதாரண அழுக்குக்கு 40 தாராளம். வீட்டுல யாருக்காவது வாந்தி வயித்தால போச்சுன்னா அவங்க துவாய், பெட்சீட்ட தனியா 60ல போடுங்க.
உங்க பிள்ளைக்கு வர்ற இழுப்பு டஸ்ட் மைட்னால இருந்தா (கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மெத்தையில தலகாணியில இருக்கும்) அதுக்கும் 60 தான். பச்சத்தண்ணியில அதோட கழிவு கொஞ்சம் போகும், ஆனா பூச்சி சாகாது, 55க்கு மேல போனாத்தான் சாகும்.
இன்னொண்ணு, துணி மெதுவா இருக்கட்டும்னு கடைசியா ஊத்துற அந்த வாசனை லிக்விட்ட துவாய்க்கு ஊத்தாதீங்க. நூல்ல மெழுகு மாதிரி படிஞ்சு தண்ணி உறிஞ்சாமப் போயிரும்.

பண்டாரவளை டீச்சர்:
டிகிரிய விடுங்க, உங்க பிரச்சினை காயாதது தான்னு நினைக்கிறேன். அந்தப் புளிச்ச வாடைக்குப் பின்னால மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ்னு ஒரு பக்டீரியா இருக்கு, ஜப்பான்காரங்க 2012ல கண்டுபிடிச்சு எழுதினாங்க. நம்ம தோல்ல இருந்து வர்ற எண்ணெய், அழுக்கத் தின்னுட்டு அந்த வாடைய விடுது, ஈரம் நிக்கிற நேரம் கூடக் கூட அதுவும் பெருகும். நீங்க 60ல தொவைச்சுட்டு மூணு நாளு ஈரத்தோட தொங்கவிட்டா மறுபடி அதே கதை தான். ரெண்டாவது தடவை ஸ்பின் போடுங்க, துவாய ரெண்டா மடிச்சுப் போடாம ஒரு ஓரத்துல கிளிப் போட்டு நீட்டாத் தொங்க விடுங்க, இஸ்தோப்புல காத்து வர்ற பக்கமா. அடுப்புக்கு மேல மட்டும் வேணாம், புகை வாடை ஏறும், நெருப்பும் பயம். அரை ஈரமா இருக்கிறப்ப அயன் பண்ணினா மிச்சமும் காஞ்சிரும்.
எங்க பக்கம் இந்த மாசத்துல கச்சான் காத்து அடிச்சு கொடியில போட்டது மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிரும், மலைக்கு அந்தப் பக்கம் நீங்க நனையிறீங்க. கார்த்திகை மார்கழியில பதுளைப் பக்கம் நாங்க நனைவோம், அப்ப சிரிச்சிராதீங்க.

கொழுந்துமலைத் தம்பி:
மெஷின் இருக்கிறவங்களுக்கு நல்லம், தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருக்கிறவங்க என்ன செய்றது? எங்க வீட்டுல வாளி தான். நுவரெலியா உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டவே கொதிச்சிரும், 100 வராது. பீலித் தண்ணி 15, 16 இருக்கும். மூணு பங்கு கொதிச்ச தண்ணிக்கு ரெண்டு பங்கு பச்சத்தண்ணி ஊத்தினா 60 பக்கம் வரும். பவுடரப் போட்டு துணிய அமுக்கி மூடி வச்சிட்டு சூடு இறங்கட்டும்னு விட்டுருங்க. கையப் போட்டுறாதீங்க, பொத்துரும், கம்பால கிளறுங்க, சின்னப் பிள்ளைங்கள கிட்ட விடவே வேணாம். கெட்டில்ல 10 லீட்டர 16ல இருந்து 60க்குக் கொண்டு வர்றதுக்கு அரை யூனிட் கிட்ட போகும், மிலாறு (கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி) அடுப்புன்னா அதுவும் இல்ல.
எங்க லயத்துல சொறி வந்தப்ப பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னத எழுதுறேன், யாருக்காவது உதவும்: 50 டிகிரிக்கு மேல 10 நிமிஷம் இருந்தா சொறி கொண்டு வர்ற பூச்சி செத்துரும். தொவைக்க ஏலாத சாமான பொலித்தீன் பேக்ல கட்டி வைங்க, மூணு நாளு போதும்பாங்க, நம்ம குளிருக்கு ஒரு கிழமை வைக்கிறது நல்லம். வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல மருந்து பூசணும், இல்லாட்டி தொவைச்சதும் வீண்.

மஸ்கெலியா மைனா:
துவாய் நாறுனா நான் வினாகிரியும் பிளீச்சும் சேத்து ஊத்துவேன், சூப்பரா இருக்கும்.

லோன்ட்ரி அண்ணே:
ஐயோ வேணாம் மைனா! ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், நெஞ்சடைக்கும், இழுப்பு இருக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா சொல்லவே வேணாம். ஒரு நாளைக்கு ஒண்ணு தான். நாறுற துவாய்க்கு 60லயே ஒரு சுத்து போடுங்க, பவுடர அள்ளிக் கொட்டாதீங்க, மெஷினத் திணிக்காதீங்க.

ஹட்டன் மருமகள்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா? கம்பளிய என்ன செய்றது? மாமி கல்யாணத்துல வந்த கம்பளி, 60ல போட்டா அவங்க என்னையும் சேத்துப் போட்டுருவாங்க.

பண்டாரவளை டீச்சர்:
துவாய் மூணு நாலு தடவை பாவிச்சதும் மாத்துங்க, ஆளுக்கொரு துவாய் இருக்கட்டும். நடுவுல நல்லாக் காயாட்டி அதுக்கு முன்னாலயே. பெரியவங்க பெட்சீட், நம்ம குளிருல வேர்வை கம்மிங்கிறதால, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா போட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா தலகாணி உறை கிழமைக்கு ஒருக்கா. சின்னவனோடது எல்லாமே கிழமைக்கு ஒருக்கா 60, அதுல சல்லி பாக்காதீங்க.
கம்பளி வேற. அசல் ஊல்னா சூடும் அடியும் சேந்தா சுருங்கி அட்டை மாதிரி ஆயிரும். பிள்ளை போத்துறதுன்னா பருத்தித் துணியில ஒரு உறை தச்சு அதுக்குள்ள போடுங்க, உறைய மட்டும் கிழமைக்கிழமை 60ல போடலாம். கம்பளிய வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை, மெஷின்ல ஊல் ப்ரோகிராம் இருந்தா அதுல, இல்லாட்டி வாளியில கை பொறுக்கிற சூட்டுக்கும் கீழ, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு தட்டையா விரிச்சுக் காய வைங்க. உங்க பக்கம் மாசி பங்குனியில வெயில் நிக்கிற நாளாப் பாத்து மாமியையே பக்கத்துல வச்சு செய்ங்க.