மில்லி நொடியில் மறையும் ரேடியோ வெடிப்பை எப்படிப் பிடிக்கிறார்கள்?

மதிவதனி_இயற்பியல்:
விண்வெளியிலிருந்து திடீரென்று வரும் ரேடியோ அலைத் துடிப்புகளை (ரேடியோ வெடிப்பு) தேடும் கனடாவின் சைம் ரேடியோ தொலைநோக்கி பற்றி வகுப்பில் பேச வேண்டும். ஒன்று புரியவில்லை. வெடிப்பு சில மில்லி நொடிதான் நீடிக்கிறது. எப்போது, எங்கிருந்து வரும் என்பது தெரியாது. அது பக்கத்து ஊர் செல்போன் இரைச்சல் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாராவது விளக்குங்களேன்.

அலைவரிசை:
திசையை முதலில் முடித்துவிடுகிறேன். சைம் எந்தப் பக்கமும் திரும்பாது. பென்டிக்டன் அருகே 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் நான்கு வளைந்த தொட்டிகள். வானம்தான் மேலே நகர்ந்து போகும். 1024 ஆண்டெனாக்களின் சிக்னலை வெவ்வேறு தாமதத்தோடு கூட்டி, ஒரே சமயத்தில் 1024 பீம்களில் (வானத்தின் ஒவ்வொரு சிறு பகுதியை நோக்கும் பார்வைகளில்) தேடுகிறார்கள். 2018 ஜூலையிலிருந்து ஒரு வருடத்துக்குள் 536 வெடிப்புகள் கிடைத்தது அதனால்தான்.

இரைச்சல் விஷயம்தான் அழகு. வழியில் உள்ள எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணை அதிகம் தாமதப்படுத்தும். வழியில் எவ்வளவு எலெக்ட்ரான்கள் என்பதைக் காட்டும் எண்ணான டிஸ்பர்ஷன் அளவு 500 என்றால், 800 மெகாஹெர்ட்ஸில் வந்த வெடிப்பு 400 மெகாஹெர்ட்ஸில் வர மேலும் ஏறக்குறைய 10 நொடி ஆகும். செல்போன் சிக்னலில் அப்படி ஒரு தாமதம் இருக்காது. கணினி பல தாமத அளவுகளைப் போட்டுப் பார்த்து, எதில் சிக்னல் ஒரே கூர்முனையாகச் சேர்கிறது என்று தேடும். அந்த அளவு நம் பால்வீதி தரக்கூடியதைத் தாண்டினால், வெளியிலிருந்து வந்தது. நேரத்தையும் அதிர்வெண்ணையும் வைத்து வரைந்தால் இந்தத் தாமதம் ஒரு வளைகோடாகத் தெரியும். அந்தப் படத்தை வகுப்பில் முதலிலேயே காட்டுங்கள். நான் பல்சர் (சீராகத் துடிக்கும் நட்சத்திரம்) தரவில் வேலை செய்பவன். இன்றும் அதைப் பார்த்தால் கை நின்றுவிடும்.

தென்வானம்:
வளைகோடு மட்டும் போதாது, அண்ணா. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 'பெரிட்டான்' என்ற சிக்னல்கள் அதே மாதிரி வளைந்து வந்தன. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்ததுதான் காரணம் என்று 2015இல் தெரிந்தது. பக்கத்து இரைச்சல் என்பதால் அவை அதன் 13 பீம்களிலும் சேர்ந்தே வந்தன. அங்கேயே 2001இல் பதிவாகி 2007இல் வெளியான லோரிமர் வெடிப்போ (முதலில் கண்டறிந்த ரேடியோ வெடிப்பு) வானத்தில் ஒரு இடத்திலிருந்து வந்ததால் ஒருசில பீம்களில் மட்டும்.

அலைவரிசை:
சரியான சேர்க்கை, தம்பி. அதையும் சொல்லுங்கள், மதிவதனி.

மதிவதனி_இயற்பியல்:
நன்றி! அப்புறம், எந்த கேலக்ஸி என்பது?

அலைவரிசை:
அதற்கு ஆண்டெனாக்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் ரேடியோ தொலைநோக்கியின் 36 டிஷ்கள் சில கிலோமீட்டர் பரவியவை. கடைசி சில நொடிகளின் மூலத் தரவை நினைவகத்தில் சுழற்சியாக வைத்திருந்து, வெடிப்பு பிடிபட்டதும் அப்படியே சேமித்துவிடுவார்கள். 2018 செப்டம்பர் 24இல் வந்த ஒற்றை வெடிப்பை அப்படித்தான் சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கேலக்ஸியில் குறித்தார்கள். ஆஸ்காப் கேட்டது 1.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம். தாமதம் ஒரு நொடிக்குள் அடங்கியது. சைமுக்கு அவ்வளவு சிறிய நினைவகம் போதாது: முன்பு சொன்ன 500 அளவில், 400 மெகாஹெர்ட்ஸில் அலை சேரும்போது 800இல் வந்தது 10 நொடி பழையதாகியிருக்கும், நினைவகமும் அவ்வளவு நீளம் வேண்டும்.