இன்டர்வியூல கேட்ட உப்புச்சப்பில்லாத கேள்வி: உங்க அனுபவம்?

டிஸ்பேட்ச் பிளானிங், சென்னை
ஆளெடுக்கும்போது நான் தவறாம கேக்குறது: "சென்னையில ஒரு நாளைக்கு எத்தனை டீ விக்கும்?" விடை எனக்கே தெரியாது. சிகாகோவுல எத்தனை பியானோ டியூனர்னு இயற்பியல் விஞ்ஞானி ஃபெர்மி பேர்ல ஒரு கேள்வி சொல்வாங்களே, அந்த ரகம். ஒரு தம்பி யோசிக்கவே இல்ல, "ஐம்பது லட்சம் சார்"ன்னாரு. அடுத்து வந்த பொண்ணு, "மாநகராட்சி மட்டுமா சார், தாம்பரம் ஆவடியும் சேத்தா? வீட்ல போடுறதும் கணக்கா?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. அப்புறம் பேப்பரை வாங்கி, தெருமுனைக் கடைக்கு எத்தனை லிட்டர் பால் இறங்குது, லிட்டருக்கு எத்தனை கிளாஸ்னு ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு சைபர் விட்டுப்போச்சு. அதையும் தானே பாத்து அடிச்சுத் திருத்துச்சு. எங்க வேலையும் இதேதான், அரைகுறை தகவலை வச்சு சாயங்காலத்துக்குள்ள எத்தனை லாரின்னு சொல்லியாகணும். எடுத்துட்டேன்.

சாஃப்ட்வேர், பெங்களூரு
அண்ணே, உங்க கேள்வி வேலையோட ஒட்டுது. எனக்கு கோடிங் வேலைக்கு "பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமா இருக்கு?" மைக்ரோசாஃப்ட் கேள்வின்னு ஊரெல்லாம் சுத்துனது, விடை எல்லாருக்கும் மனப்பாடம். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பாத்துட்டு, "எப்படித் திருப்பினாலும் உள்ள விழாது"ன்னு ஒப்பிச்சேன். அவருக்கு ஒரே பூரிப்பு. கூகுள்ல ஆளெடுப்பைப் பாத்துக்கிட்ட லாஸ்லோ பாக் 2013லயே சொல்லிட்டாரு, இந்தப் புதிரெல்லாம் சுத்த வீண், கேக்குறவர் தன்னை புத்திசாலின்னு நெனச்சுக்கத்தான் ஆகும்னு.

செக்கிங் சூப்பர்வைசர், திருப்பூர்
நான் கேக்கறது "எந்த பஸ்ல வந்தீங்க, எங்க மாறுனீங்க?" சும்மா பேச்சுக் குடுக்கற மாதிரிதான் இருக்குமுங்க. பல்லடம் தாண்டி ரெண்டு பஸ் மாறி வர்றவங்களுக்கு காலை ஷிப்ட் ஆகாது. ஹாஸ்டலா, கம்பெனி வேனான்னு அங்கயே பேசிக்கலாம்.

அக்கவுண்ட்ஸ், மதுரை
அக்கா, எங்கிட்டயும் சும்மா பேச்சுதான். "சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?" கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தெருப் பேரைச் சொன்னதும் ஃபைலை மூடிட்டாரு. சமூகவியல் ஆய்வாளர்கள் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007ல எழுதின ஆய்வு இருக்கு. திறமைதான் பாப்போம்னு சத்தியம் பண்ற எச்.ஆர். மேனேஜர்களே குடும்பப் பின்னணியை விடாம விசாரிக்கிறாங்கன்னு அதுல வரும். அவங்க பாத்தது டெல்லிப் பக்கம். நம்ம பக்கம் "எந்தத் தெரு?"வுக்குப் பதில் சொன்னவங்க இங்க எத்தனை பேர்?