சாக உதவும் சட்டம் இங்கே வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்

தென்றல்:
தீராத நோயாளி கேட்டால் சாவதற்கான மருந்தை டாக்டர் எழுதித் தரலாம் என்கிற இந்தச் சட்டம் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 1997இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும், மருந்தை நோயாளி தானே குடிக்க வேண்டும். புற்றுநோய் முற்றித் துடிக்கிறவரிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல நாம் யார்?

கரிசக்காட்டான்:
எங்கள் விருதுநகர்ப் பக்கம் வந்து கேளுங்கள். படுத்துவிட்ட பெரியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, அப்புறம் இளநீரை மேலே மேலே குடிக்கக் கொடுப்பார்கள், உடம்புச் சூடு இறங்கிச் சிறுநீரகம் கெட்டு ஓரிரு நாளில் ஆள் போய்விடுவார். இதுதான் தலைக்கூத்தல். "பெருசு கஷ்டப்பட்டுச்சு, அனுப்பி வச்சோம்" என்பார்களே தவிர, கொலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2010இல் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன் நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று வீட்டார் பேசியது காதில் விழுந்து, உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். அவருக்குக் காலில் தெம்பு இருந்தது. இல்லாதவர் முன்னால் அதே வீட்டார் ஒரு படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

தென்றல்:
தலைக்கூத்தல் கொலை, சம்மதம் கேட்காமல் செய்வது. அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். உயிர்காப்புக் கருவிகளை எடுத்துவிடும்படி முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2018இல் சொல்லிவிட்டது.

கரிசக்காட்டான்:
கருவியை எடுத்தால் நோய் கொல்கிறது, இங்கே டாக்டர் எழுதித் தந்த மருந்து கொல்கிறது, இரண்டும் வேறு. சம்மதம் என்கிறீர்கள், ஆரெகன் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள், வீட்டாருக்குப் பாரமாக இருக்கிறோம் என்று சொன்னவர்கள் வலியைச் சொன்னவர்களைவிட அதிகம். கனடா 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, மாற்றுத்திறனாளி அமைப்புகள் அவ்வளவு எதிர்த்தும் 2021இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

இரவுப்பணி:
வலி தணிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் வெடித்துப் புண்ணான ஒரு அம்மா, ஊசி போட்டு முடித்துவிடு தாயி என்று தினமும் கையைப் பிடிப்பார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் கொடுத்தோம், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினோம். நாற்றம் அடங்கியதும் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னார், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஊசி பற்றி அவர் பேசவே இல்லை.

தென்றல்:
மார்ஃபினுக்கும் அடங்காத வலி இருக்கிறதே சகோதரி, அவர்களுக்கு என்ன பதில்?

இரவுப்பணி:
இருக்கிறது, மறுக்கவில்லை. அவர்களைக் கடைசி நாட்களில் மருந்தால் மயக்கத்திலேயே வைத்திருக்க வழி உண்டு. ஆனால் மார்ஃபின் எளிதில் கிடைக்கட்டும் என்று 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகும் அது கிடைக்காத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. மார்ஃபின் மாத்திரையை முதலில் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வாருங்கள், அது வராமல் இந்தச் சட்டம் வந்தால் நான் எதிர்ப்பேன்.