பெரியப்பாவின் வெங்காயமும் மாமாவின் பொருளாதாரமும்

கனடா மாமா: (குடும்ப வாட்ஸ்அப் குழுவில், முன்னனுப்பியது) “1977இல் இலங்கையில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள், 1983இல் நாடு எரிந்தது. திறந்த பொருளாதாரமே இனக்கலவரத்தின் தாய்! பத்துப் பேருக்குப் பகிருங்கள்.”

பாரிஸ் அண்ணா: அப்ப 1958 கலவரத்துக்கு யார் தாய், மாமா?

கனடா மாமா: நக்கல் வேண்டாம். 77க்கு முன், பிரதமர் சிறிமாவோ காலத்தில் எங்கள் சனம் எப்படி இருந்தது என்று உன் பெரியப்பாவைக் கேள்.

பெரியப்பா (புன்னாலைக்கட்டுவன், யாழ்ப்பாணம்): நன்றாகத்தான் இருந்தோம். வெளி வெங்காயம், செத்தல் மிளகாய் ஒன்றும் நாட்டுக்குள் வராது. செம்மண்ணில் எதை நட்டாலும் காசு. தண்ணி இறைக்கிற மெசின் வாங்கியது, முன் விறாந்தை போட்டது எல்லாம் அந்த வெங்காயத்தில்தான்.

கனடா மாமா: பார்த்தீர்களா!

பெரியப்பா: பொறு தம்பி, முடிக்கவில்லை. வெங்காயத்துக்கு விலை தந்த அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் கொண்டுவந்தது. தோட்டக் காசில் ரியூசனுக்குப் போன பெடியனுக்கு மருத்துவ பீடத்தில் இடமில்லை. அவனைவிடக் குறைந்த புள்ளி எடுத்த சிங்களப் பெடியன் உள்ளே போனான். 72 அரசியல் யாப்பில் பௌத்தத்துக்கு முதலிடம். கையில் காசு இருந்த காலத்தில்தான் எங்கள் பெடியள் கொதித்தார்கள்.

தங்கச்சி (கொழும்பு): பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற கதையை அம்மா இன்றைக்கும் சொல்லுவா. துணிக்கும் கூப்பன். எல்லாரும் வெங்காயம் விற்கவில்லையே மாமா.

கனடா மாமா: சரி. ஆனால் 77க்குப் பிறகு என்ன நடந்தது? இறக்குமதிப் பெர்மிற், ஒதுக்கீட்டை நம்பி இருந்த சிங்களச் சின்ன முதலாளிமார் இறக்குமதிப் போட்டியில் நொடிந்தார்கள். அந்த ஆத்திரம்தான் தமிழ்க் கடைகள்மேல் விழுந்தது. படித்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பாரிஸ் அண்ணா: ஆத்திரக்காரனுக்கு வாக்காளர் இடாப்பு யார் கொடுத்தது? 83 ஜூலையில் வீடு வீடாக வந்தவர்கள் இடாப்பைப் பார்த்துத்தானே தமிழ் வீட்டைப் பிடித்தார்கள். சந்தையா அதை அச்சடித்துக் கொடுத்தது? மகாவலி நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தையும் பாருங்கள். திறந்த பொருளாதாரம் என்று சொல்லி வந்த வெளிநாட்டு உதவியில்தான் அதைத் துரிதப்படுத்தினார்கள். அதன் ‘எல்’ வலயத்துக்காக 84இல் மணலாற்றுத் தமிழ்ச் சனத்தை எழுப்பினார்கள். யாரை எங்கே குடியேற்றுவது என்று அப்போதும் அரசாங்கம்தான் முடிவெடுத்தது.

லண்டன் சித்தி: தேர்த் திருவிழாவுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இதற்கு மட்டும் எல்லாரும் ஒன்லைனில்.

கனடா மாமா: வருகிறேன் பிள்ளை. 2022ஐப் பாருங்கள். பசி வந்ததும் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்தில் தமிழிலும் தேசிய கீதம் பாடினார்கள். அப்ப எல்லாம் வயிற்றுப் பிரச்சினைதானே?

தங்கச்சி: நான் அங்கே போனேன். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அழுகை வந்தது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிக் கதை எடுத்தால், “முதலில் ஜனாதிபதி கோட்டாபய போகட்டும்” என்பார்கள்.

பெரியப்பா: வரிசை எங்களுக்குப் புதிதா? தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல், சீமெந்து, பற்றரி, யூரியா எல்லாம் அரசாங்கத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றினால் டைனமோவில் றேடியோ செய்தி சொல்லும். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். 2021இல் கோட்டாபய இரசாயன உரத்தை நிறுத்தியபோது தெற்கு விவசாயி தெருவுக்கு வந்தான். பாவம்தான். எங்கள் யூரியாவை நிறுத்தியபோது அவன் வரவில்லை.

பாரிஸ் அண்ணா: மாமா, நீங்கள் வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிறீர்கள். சிங்கள வாக்கு மட்டுமே போதும் என்று தெரிந்தே 2019இல் வென்றவர் கோட்டாபய, பதவியேற்றபோது அவரே சொன்னார். வந்ததும் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கினார். திறைசேரிக்குக் காசு எங்கிருந்து வரும் என்று அவருக்கு வாக்குப் போட்டவர்கள் கேட்கவில்லை. நாட்டைக் காப்பாற்ற வந்தவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இனவாதம் முதலில் வந்தது, பட்டினி பிறகுதான்.

கனடா மாமா: 2019க்கு ஒத்துக்கொள்கிறேன். 83க்கு மாட்டேன். இரவு வொய்ஸ் போடுகிறேன்.

லண்டன் சித்தி: ஐயோ, வேண்டாம் அண்ணா!

பெரியப்பா: எழுதிப் போடு தம்பி. எனக்குக் காது சரியாகக் கேட்காது.