ஆறு வயது மகளுக்கு பியானோ: தங்கச்சிமடத்துத் தம்பியா, சென்னை ஆன்லைன் டீச்சரா?

மண்டபம்_அம்மா:
என் மகளுக்கு ஆறு வயது முடிந்திருக்கிறது. சித்தி வெளிநாடு போகும்போது தன் டிஜிட்டல் பியானோவை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். 88 கீ, நிஜப் பியானோ போலக் கனமாக இறங்கும். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை அதன் முன்னால்தான் உட்காருகிறாள். முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினால் இரண்டு பேர்தான் அகப்படுகிறார்கள். ஒருவர் தங்கச்சிமடத்துத் தம்பி. சர்ச் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறார், லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் கீபோர்டு தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்தவர், வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வருவார். இன்னொருவர் சென்னையில் இருக்கும் டீச்சர். பியானோவில் எல்.டி.சி.எல். என்ற ட்ரினிட்டி டிப்ளமோ வாங்கியவர். ஆன்லைன் மட்டும்தான், கட்டணம் தம்பி கேட்பதைப்போல மூன்று மடங்கு. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரிடம் விடலாம்?

பாம்பன்_கரை:
அக்கா, தம்பியை வரச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் உட்காரும் ஆள். தோள் இறுகுகிறதா, மணிக்கட்டு தொங்குகிறதா என்று பார்த்து அந்த நொடியே கையைத் தொட்டுத் திருத்த வேண்டும். கண்ணாடித் திரைக்குள் இருந்து அதைச் செய்ய முடியாது. இந்தக் கரையில் வாசிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் யாரோ பாட்டை எடுத்தால் சுருதியைப் பிடித்துக் கூடவே போகிற காது அங்கேதான் வருகிறது.

அப்புறம், காசு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் எங்கள் ஊர் வாத்தியார் ஃபீஸைப் பிறகு கொடுங்கள் என்பார். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லும் வகுப்பில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சேரவே முடியாது.

மதுரை_பியானோ_டீச்சர்:
பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சரி. மற்றதை நான் ஏற்கவில்லை. கீபோர்டும் பியானோவும் வேறு வேறு. ட்ரினிட்டியே இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. கீபோர்டில் வலது கை மெட்டு வாசிக்கும், இடது கை பெரும்பாலும் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை, பிடித்தபடி இருக்கும், தாளத்தையும் பின்னணியையும் கருவியே போட்டுவிடும். பியானோவில் இடது கைக்கும் தனி வேலை உண்டு. மேல் சுரங்களுக்கு ட்ரெபிள், கீழ்ச் சுரங்களுக்கு பாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு வரிசைகளைக் கண் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். சத்தம் பெரிதாவதும் சிறிதாவதும் விரல் இறங்கும் வேகத்தில்தான் இருக்கிறது, வால்யூம் பட்டனில் இல்லை.

கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனையும் சொல்லியாக வேண்டும். பாடுகிறவர் சுருதிக்கு அதை மாற்றிவிட்டு, பழகிய ஒரே ஸ்கேலில் வாசிப்பவர்கள் நிறைய. ஆராதனை நேரத்தில் அது வசதிதான். கற்கும் பிள்ளைக்கோ அழுத்துகிற கீ ஒன்றாகவும் காதில் விழுகிற சுரம் வேறாகவும் இருக்கும். பாம்பன்_கரை பெருமைப்படுகிற காது அங்கேயே குழம்பிவிடும். முதல் இரண்டு வருடத்தில் கை என்ன பழகுகிறதோ அதுதான் நிற்கும். தட்டையான விரலோடு ஒன்பது வயதில் என்னிடம் வரும் பிள்ளைகள், பழகியதை விடுவதற்குள் பியானோவையே விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

பாம்பன்_கரை:
டீச்சர், கோயிலில் வாசிப்பவர்கள் எல்லோரும் பட்டனை நம்பி வாழ்பவர்கள் அல்ல. நான் எந்த ஸ்கேலிலும் வாசிப்பேன். என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். வாசிப்புக்கான டிப்ளமோ வேறு, கற்பித்தலுக்கான டிப்ளமோ வேறு. சென்னை டீச்சரிடம் இருப்பது எது? கச்சேரி அளவுக்கு வாசிக்கிற ஒருவருக்கு, பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று அழுகிற பிள்ளையை வழிக்குக் கொண்டுவரத் தெரியும் என்று அந்தக் காகிதம் சொல்கிறதா?

மதுரை_பியானோ_டீச்சர்:
சொல்லாது. அதனால்தான் எந்தப் பிரிவில் வாங்கிய டிப்ளமோ என்று மண்டபம் சகோதரி கேட்டே ஆக வேண்டும். நம் நாட்டில் பியானோ சொல்லிக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அந்த நிலையில் காகிதமும் வேண்டாம் என்றால் பெற்றோர் எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது?

கீழக்கரை_வாப்பா:
என் மகன் ஏழு வயதில் ஆன்லைனில் தொடங்கினான். அனுபவத்தைச் சொல்கிறேன். டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கவே முடியாது, ஒலி தாமதமாக வருகிறது. ஜூமில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி பியானோ ஒலியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்கிய பிறகுதான் சுரம் டீச்சருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. போனை முகத்துக்கு நேராக வைத்தால் விரல் தெரியாது, பக்கவாட்டில் ஸ்டாண்டு போட வேண்டும். கரண்ட் போனால் வகுப்பும் போச்சு. வகுப்பு முழுவதும் நானோ அவன் உம்மாவோ கூட உட்கார்ந்திருந்தோம். அதையும் கணக்கில் எடுங்கள்.

முதலில் சேர்த்த நிறுவனத்தில் அடிக்கடி டீச்சரை மாற்றினார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கிரேடு பரீட்சையைப் பற்றிப் பேசினார்கள். மூன்று பாட்டை மனப்பாடம் செய்து நூற்றுக்கு 60 வாங்கினால் தேறிவிடலாம் என்பதுதான் பேச்சு. பையனுக்கு நோட்டு, அதாவது எழுதிய சுரக் குறியீடு, படிக்கவே வரவில்லை. இப்போது ஆன்லைனிலேயே தனியாக ஒரு டீச்சரிடம் படிக்கிறான், நன்றாகப் போகிறது. ஆக, ஆன்லைன் என்பதால் மட்டும் கெடுதல் இல்லை. ஆனால் ஆறு வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேவிபட்டினம்_அண்ணன்:
ஒரேயடியாக நிஜப் பியானோ வாங்கிவிட்டால் என்ன? பழையது மலிவாகக் கிடைக்கிறதே.

மதுரை_பியானோ_டீச்சர்:
கடலோரத்தில் வேண்டாம் அண்ணே. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரமும் உள்ளே இருக்கும் ஃபெல்ட் துணியும் ஊதிவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ட்யூன் செய்ய ஆளை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும். சகோதரியிடம் இருக்கும் டிஜிட்டலே இப்போதைக்குப் போதும்.

தொண்டி_லாத்தா:
யார் வந்தாலும் சரி, பிள்ளை இருக்கும் அறைக் கதவு திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்கட்டும். நல்ல வாத்தியார் இதைத் தப்பாக எடுக்க மாட்டார். எடுத்தால் அவர் வேண்டாம்.

பாம்பன்_கரை:
லாத்தா சொன்னதுதான் முதல் விதி.

மதுரை_பியானோ_டீச்சர்:
முடிவெடுக்கும் முன் தம்பியிடம் ஒன்று செய்து பாருங்கள். அவர் பார்த்திராத, தொடக்கநிலை பியானோப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் படித்து வாசிக்கச் சொல்லுங்கள். தாளப் பின்னணி இல்லாமல். ஏற்கெனவே அவரிடம் படிக்கும் பிள்ளை ஒன்று வாசிப்பதையும் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் விரல்களையும் தோளையும் பார்த்தாலே வாத்தியார் தெரிந்துவிடும்.

பாம்பன்_கரை:
பிள்ளை வாசிப்பதைப் பார்க்கச் சொன்னது நியாயம். ஆனால் ஆறு வயதில் புத்தகத்தை முன்னால் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதலில் பாடட்டும், தாளம் தட்டட்டும், கேட்டதைத் தேடித் தேடி வாசிக்கட்டும். பேச்சு வந்த பிறகுதானே எழுத்து?

மதுரை_பியானோ_டீச்சர்:
பாடட்டும், தட்டட்டும், நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் படிப்பதைத் தள்ளிப்போட்டால், காதில் வேகமாகப் பிடிக்கும் பிள்ளை பிறகு நோட்டைப் பார்க்கவே மறுக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

மண்டபம்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சென்னை டீச்சரைக் கேட்டேன். அவருடையது வாசிப்புப் பிரிவு டிப்ளமோ, எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளை எடுத்ததில்லையாம். தம்பியிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். வலது கை சரளமாகப் போனது. பாஸ் வரிசையில் தடுமாறினார், இரண்டாம் முறை சரியாக வாசித்தார். பாம்பனில் அவரிடம் படிக்கும் ஒரு பெண் குழந்தையைப் போய்ப் பார்த்தோம். விரல் வளைவு அழகாக இருந்தது, சிரித்துக்கொண்டே வாசித்தாள். அடுத்த வாரம் முதல் தம்பி வருகிறார். மாதம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு பியானோ டீச்சரிடம் காட்டலாமா என்றும் யோசிக்கிறேன்.

பாம்பன்_கரை:
மகிழ்ச்சி அக்கா. ஆனால் மதுரை வேண்டாம். போக வர ஒரு நாள் முழுதும் போய்விடும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

மதுரை_பியானோ_டீச்சர்:
நான் இன்னும் உடன்படவில்லை. பாஸ் வரிசையில் தடுமாறுகிறவர் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கமாட்டார். மதுரைக்கு மாதாமாதம் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது காட்டுங்கள், தம்பியையும் கூட அழைத்து வாருங்கள். தொடங்கும் நாளிலேயே உட்காரும் உயரத்தைச் சரிசெய்துவிடுங்கள். முழங்கை கீ மட்டத்துக்கு வர வேண்டும், கால் எட்டாவிட்டால் கீழே ஒரு மணை போடுங்கள். வகுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.